நூற்றைத் தாண்டிய மாப்பிள்ளை

“நூறு இருக்குமுங்க! கொறையவே கொறையாது!” என்று கத்தினார் வெங்கடபதி.

“எதுங்க நூறு?” என்று பதிலுக்குக் கத்தினார் பாலுசாமி.

கருமத்தம்பட்டியில் பாலுசாமியின் விசைத்தறிக் கூடத்துக்குள் நின்றுகொண்டு யாரும் மெதுவாகப் பேச முடியாது. விருந்துக்குக் கூப்பிடுவதும் சண்டைக்குக் கூப்பிடுவதும் அங்கே ஒரே குரலில்தான். நூல் ஏஜெண்டான வெங்கடபதி அன்று ஒரு ரகசியம் சொல்ல வந்திருந்தார். வெளியே வெயில் கடுமையாக இருந்ததால் அந்த ரகசியத்தைத் தறிகளுக்கு நடுவில் நின்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

“வண்டியோட வேகமுங்க! போன சனிக்கெழம அவினாசி ரோட்டுல மாருதில எம்பதுல வந்துட்டிருக்கறேன். நீலாம்பூர்கிட்ட பின்னால ஒரு சத்தம். என்னன்னு திரும்பறதுக்குள்ள சல்லுனு என்னைத் தாண்டிப் போயிருச்சு. பாத்தா, உங்க மாப்பிள்ளை தோப்புல நிக்குதே பச்சைக் கலர்ல ஒரு பழைய சீமை வண்டி, அதேதானுங்க!”

பாலுசாமிக்கு அந்த வண்டி தெரியும். வால்பாறை எஸ்டேட்டில் இருந்த வெள்ளைக்கார மேனேஜர் ஒருவர், ஊரைப் பார்க்கக் கிளம்பியபோது தொண்டாமுத்தூர்க்காரர் ஒருவரிடம் விட்டுவிட்டுப் போன ட்ரயம்ப் மோட்டார் சைக்கிள். அந்தத் தொண்டாமுத்தூர்க்காரரின் மகன் அருள்குமாருக்குத்தான் பாலுசாமி தன் ஒரே மகள் பிரவீனாவை நிச்சயம் செய்திருந்தார். வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை விவசாயக் கல்லூரியில் படித்தவர். அப்பா காலமானபின் தென்னந்தோப்பைத் தானே பார்த்துக்கொள்கிறார். சாதுவான முகம். பாலுசாமிக்கு முதல் நாளிலிருந்தே அந்தச் சாதுவான முகத்தின் மேல்தான் சந்தேகம். ஒரு மனிதன் இவ்வளவு சாதுவாக இருக்க வேண்டிய அவசியம் என்ன?

பாலுசாமியின் சுபாவமே அப்படி. பால்காரர் தண்ணீர் கலந்தால் திட்டுவார். கலக்காமல் ஊற்றினால், ஏன் கலக்கவில்லை என்று யோசிப்பார்.

“மாப்பிள்ளைதான்னு எப்படிச் சொல்றீங்க?”

“ஹெல்மெட்டும் தோல் ஜாக்கெட்டும் போட்டிருந்ததால மூஞ்சி தெரியலீங்க. ஆனா அவரு வண்டியை வேற ஆரு ஓட்டுவாங்க? அதுகூடப் பரவால்லீங்க. பின்னால பாத்தீங்கன்னா...”

வெங்கடபதி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பாலுசாமியின் காதருகே வந்து தன் முழு பலத்தையும் திரட்டினார். அந்த நொடியில் கரண்ட் போனது. தறிகள் மொத்தமும் நின்றன.

“ரோஸ் துப்பட்டாவைத் தலையோட சுத்திக்கிட்டு ஒரு பொண்ணு உங்க மாப்பிள்ளையை இறுக்கிக் கட்டிப் புடிச்சு உக்காந்திருந்துதுங்க!”

அந்த வாக்கியம் கூரைவரை போய்த் திரும்பி வந்தது. தறி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூலையில் நின்ற ஒருவர் அனுதாபமாகத் தலையைக்கூட ஆட்டினார்.

பாலுசாமி அவசரமாகச் சமாளித்தார். “அது திருப்பூர்ப் பக்கம் வேற ஏதோ மாப்பிள்ளையப் பத்திச் சொல்றாரு.”

“அட, நம்ம தொண்டாமுத்தூர் மாப்பிள்ளையேதானுங்க!” என்று வெங்கடபதி திருத்தினார்.

மத்தியானம் பாலுசாமி சாப்பிட வீட்டுக்குப் போவதற்குள் செய்தி முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. மனைவி மயிலாத்தாள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

“ஏனுங்க, மாப்பிள்ளைக்கு ரோஸ் கலர்ல ஒரு பொண்ணு இருக்குதாமா?”

“சத்தம் போடாமப் பொட்டாட்ட இரு மயிலா. நம்ம பிரவீனா அம்மணி காதுல உழுந்துறப் போகுது. மாப்பிள்ளையை விருந்துக்குக் கூப்பிடறேன். நேர்ல பாத்து நாலு கேள்வி கேட்டா உண்மை தானா வந்துரும்.”

புதன்கிழமை அருள்குமார் விருந்துக்கு வந்தார். பையில் இளநீரோடு பஸ் ஸ்டாப்பிலிருந்து வேர்த்து விறுவிறுத்து நடந்து வந்தார். பாலுசாமி கேட்டுக்கு வெளியே போய்த் தெருவின் இரண்டு முனைகளையும் பார்த்தார். வண்டியை எங்காவது மறைத்து வைத்துவிட்டு நடந்து வருகிறாரோ?

“வண்டில வரலீங்களா மாப்பிள்ளை?”

“பஸ்ஸுல வந்தேனுங்க மாமா.”

இலையில் சாதம் விழுந்ததும் பாலுசாமி விசாரணையைத் தொடங்கினார். “உங்க தோப்புல ஒரு சீமை வண்டி நின்னுதே. நல்லாப் போகுதுங்களா?”

அருள்குமாரின் கை சாதத்திலேயே நின்றது. ரசம் ஊற்ற வந்த பிரவீனாவின் கரண்டியும் அந்தரத்தில் நின்றது.

“அது... அப்பாவோட வண்டிங்க மாமா. நான் ஓட்டறதில்லீங்க.”

“வேகமாப் போறதுன்னா புடிக்குங்களா?”

“அய்யோ! எனக்கு எக்ஸிபிஷன்ல ராட்டினத்தைப் பாத்தாலே தலை சுத்துமுங்க மாமா.”

சொல்லும்போதே அவருக்கு முகமெல்லாம் வெளுத்தது. இரண்டாம் தடவை சோறு வேண்டாம் என்றார். பாயசத்தையும் தொடவில்லை. அவர் பஸ் ஏறியதும் பாலுசாமி மனைவியிடம் திரும்பினார்.

“பாத்தயா? நூறுல போறவரு ராட்டினத்துக்குப் பயப்படறாராமா! இவ்வளவு அழுத்தமாப் பொய் சொல்றவரு ஒரு பொண்ணோட நிறுத்தியிருப்பாருன்னு எனக்குத் தோணல.”

“இப்ப என்னங்க பண்றது? பத்திரிகை அச்சுக்குப் போயிருச்சே.”

“சனிக்கெழம கையும் களவுமாப் புடிக்கறேன்.”

சனிக்கிழமை வெங்கடபதியின் மாருதியில் இருவரும் தொண்டாமுத்தூருக்குப் போனார்கள். பிள்ளையார் கோயில் பக்கமாகக் காரை நிறுத்திவிட்டு, வாய்க்கால் வழியாகக் குனிந்து நடந்து, அருள்குமாரின் தோப்பை ஒட்டிய வாழைக்குள் பதுங்கினார்கள். வெங்கடபதி பதுங்கிப் பழகாத உடம்புக்காரர். அவர் உட்கார்ந்ததும் ஒரு வாழை சாய்ந்தது. எழுந்திருக்கப் பிடித்ததில் இன்னொன்றும் சாய்ந்தது.

“சத்தம் போடாதீங்க!” என்று பாலுசாமி பல்லைக் கடித்தார்.

“நான் எங்கீங்க சத்தம் போடறேன்? வாழைதானுங்க போடுது.”

அப்போது அவர்களுடைய காலடியில் ஏதோ ஒன்று புகைந்துகொண்டே வந்து விழுந்தது. என்னவென்று குனிந்து பார்ப்பதற்குள் டமார் என்று வெடித்தது. பாலுசாமி ஒரு பக்கம் பாய, வெங்கடபதி வாய்க்காலில் உட்கார்ந்தார். இரண்டாவது வெடியைப் பற்றவைத்தபடியே தோப்பு ஆள் மாசாணம் ஓடிவந்தார்.

“நிறுத்துப்பா! மனுசங்க!”

மாசாணம் உற்றுப் பார்த்தார். “அடடா, பொண்ணு ஊட்டுக்காரருங்களா! ஆனைன்னு நெனச்சுப்போட்டேனுங்க.”

“பட்டப்பகல்ல ஏதுப்பா ஆனை?”

மாசாணம் வாய்க்காலிலிருந்து எழுந்துகொண்டிருந்த வெங்கடபதியை ஒரு பார்வை பார்த்தார். “சத்தம் அப்படித்தானுங்க இருந்துது.”

வாழை எப்படிக் காய்த்திருக்கிறது என்று பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டே பாலுசாமி நேராகக் கொட்டகைக்குப் போனார். பச்சை ட்ரயம்ப் பளபளவென்று நின்றது. எஞ்சின் மேல் கையை வைத்தார். சுர்ரென்று சுட்டது.

“வண்டி இப்பத்தான் வந்திருக்குது! மாப்பிள்ளை எங்கப்பா?”

“உள்ள படுத்திருக்காருங்க. சனிக்கெழம இந்த வண்டில போயிட்டு வந்தாருன்னா இப்படித்தானுங்க. கால் நிக்காது. ஒரு சொம்பு தண்ணி உள்ள போனாத்தான் தெளிவாரு.”

“தண்ணியா? சொம்புலயா?”

“ஆமாங்க. அவங்கம்மாதான் ஊத்திக் குடுப்பாங்க.”

பாலுசாமி தூணைப் பிடித்துக்கொண்டார். வேகம், பொண்ணு, இப்போது தண்ணி. அதுவும் பெற்ற தாயே ஊற்றிக் கொடுக்கிறாள். எந்த மாதிரிக் குடும்பத்தில் பெண்ணைக் கொடுக்க இருந்தார்!

“கூட ஒரு பொண்ணு போகுதே, அது ஆரு?”

மாசாணம் தென்னையின் உச்சியைப் பார்க்க ஆரம்பித்தார். “அதை மட்டும் கேக்காதீங்க. ஆருகிட்டயும் சொல்லமாட்டேன்னு கோயில்ல சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கறேனுங்க.”

சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. கொட்டகைக்குப் பின்னால் துணி காயும் கம்பியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. ரோஸ் துப்பட்டா. பாலுசாமி அதை உருவி மடித்து, சட்டைக்குள் திணித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார். வழி முழுக்க வெங்கடபதி சீட்டை ஈரமாக்கிக்கொண்டே கார் ஓட்டினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் துப்பட்டாவை எடுத்துக் கூடத்தில் வீசினார். “இந்தா மயிலா! சாட்சி! இதைச் சுத்திக்கிட்டுத்தான் அந்தப் பொண்ணு சவாரி பண்ணுது. இப்பவே பத்திரிகை அடிக்கறதை நிறுத்தச் சொல்லு!”

மயிலாத்தாள் அதை எடுத்து ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். “ஏனுங்க, இது நம்ம அம்மணியோடது.”

“என்னது?”

“கிராஸ்கட் ரோட்டுல நாந்தான் எடுத்துக் குடுத்தேன். இந்த ஓரம் நான் மடிச்சுத் தெச்சது.”

பாலுசாமி நாற்காலியில் உட்கார்ந்தார். சரியாக அந்த நேரத்தில், கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போயிருந்த பிரவீனா உள்ளே வந்தாள். தரையில் கிடந்த துப்பட்டாவைப் பார்த்தாள். செருப்பைக் கழற்ற மறந்தாள்.

“கண்ணு, உண்மையைச் சொல்லு. போன சனிக்கெழம அந்த வண்டில நீயா இருந்தது?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “ஆமாங்கப்பா. நாந்தானுங்க.”

“கம்ப்யூட்டர் கிளாஸ்?”

“அது காலைலயே முடிஞ்சிருமுங்கப்பா.”

பாலுசாமிக்கு முதலில் வந்தது நிம்மதி. வேறு பெண் இல்லை, தன் பெண்தான். கட்டிக்கொள்ளப் போகிறவர்கள்தானே, காலம் மாறிவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். ஆனால் அந்த நிம்மதி ஒரு வாய் மோர் குடிக்கும் நேரம்கூட நிலைக்கவில்லை. அவர் கண் முன்னால் அவினாசி ரோடு வந்தது. லாரிகள் வந்தன. நூறு வந்தது.

“அந்த வேகத்துல போறப்ப உனக்குப் பயமா இல்லையா கண்ணு?”

“எனக்கென்னங்கப்பா பயம்? ரோடு நேராத்தானே இருக்குது. அப்பா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்த வண்டியை...”

“நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்! அவரு உன்னை மெரட்டி வெச்சிருக்காரு. ஒத்தப் பொண்ணை வளத்து, நூறுல போறவன் கையில குடுக்கறதா? நாளைக்கே ரெண்டுல ஒண்ணு பாக்கறேன்.”

“அப்ப நானும் வாரேனுங்கப்பா.”

“பெரியவங்க பேசற எடத்துல உனக்கென்ன வேலை?”

“நான் இல்லாம அந்தப் பேச்சே முடியாதுங்கப்பா,” என்றாள் பிரவீனா. பாலுசாமி அதையும் சந்தேகமாகத்தான் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் மாருதியில் தொண்டாமுத்தூர் வாசலில் இறங்கினார்கள். சாட்சிக்கு வெங்கடபதி. அருள்குமாரின் தாய் சென்னியம்மாள் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாலுசாமி சொம்பை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். சென்னியம்மாள் அதிகம் பேசாத விதவை. சொம்பையும் அவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டாள்.

“மாப்பிள்ளை, ஒளிக்காமச் சொல்லுங்க. அவினாசி ரோட்டுல நூறுல போனது உங்க வண்டிதானுங்களா?”

அருள்குமார் பிரவீனாவைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தாள். “அப்பா, அது வந்து...”

“அம்மணி, நீ சும்மா இரு. வண்டி ஓட்டறவருகிட்ட நான் பேசிக்கறேன்.”

அருள்குமார் அவளைப் பார்த்து வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்துவிட்டு முன்னால் வந்தார். “தப்புத்தானுங்க மாமா. எல்லாம் எம்மேலதான். இனிமே அந்த வேகம் போகாமப் பாத்துக்கறேனுங்க.”

“வாய்ல சொன்னாப் பத்தாதுங்க. எனக்குக் கண்ணுல தெரியோணும். வண்டியை எடுங்க. நான் பின்னால உக்காரறேன். முப்பதுக்கு மேல போகாம ஊர் எல்லை வரைக்கும் ஓட்டிக் காட்டுங்க. அப்பத்தான் கல்யாணம்.”

அருள்குமார் கொட்டகையில் நின்ற ட்ரயம்ப்பைப் பார்த்தார். தோப்புக்குள் புகுந்த ஒற்றை யானையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“இன்னைக்கே... வேணுங்களா மாமா?”

“பாருங்க! மெதுவாப் போகச் சொன்னா மனசு வரல!” என்று பாலுசாமி வெங்கடபதியிடம் திரும்பினார்.

வேறு வழியில்லாமல் அருள்குமார் வண்டியை வெளியே தள்ளிவந்தார். ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் வைத்தார். அது பாதித் தலையிலேயே நின்றுவிட, அப்படியே வைத்துக்கொண்டார். கிக்கரை மிதித்தார். அது திருப்பி அவரை மிதித்தது. நொண்டிக்கொண்டே மறுபடியும் மிதித்தார். பல தடவைக்குப் பிறகு எஞ்சின் உறுமியது. சத்தம் கேட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டதைப் பின்னால் ஏறிக்கொண்டிருந்த பாலுசாமி கவனிக்கவில்லை.

பிரவீனா கிட்டே வந்து கிசுகிசுத்தாள். “கிளட்ச். மெதுவா. கியர் வலது காலுங்க, பிரேக்கு எடது காலு. மாத்தி மிதிச்சுப்போடாதீங்க.”

“பயப்படாதே கண்ணு, அவருக்குத் தெரியாததா?” என்றார் பாலுசாமி.

மாத்தித்தான் மிதித்தார்.

ட்ரயம்ப் முன்சக்கரத்தைச் சற்றே தூக்கி, இருவரையும் சுமந்துகொண்டு கிளம்பியது. ஊர் எல்லைப் பக்கம் போக வேண்டிய வண்டி மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனது. வைக்கோல் போரை ஒரு சுற்றுச் சுற்றியது. கோழிகள் கூரையேறின. மாசாணம் ஒரு தென்னையில் பாதி உயரம் ஏறிவிட்டார். “பிரேக்கு! பிரேக்கு!” என்று பாலுசாமி கத்த, “எதுங்க மாமா? எதுங்க மாமா?” என்று அருள்குமார் கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் வண்டி தானாகவே ஒரு முடிவுக்கு வந்து, கோபர் கேஸ் தொட்டியின் கழிவுக் குழிக்கு முன்னால் சடக்கென்று நின்றது. உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் நிற்கவில்லை.

மாசாணமும் வெங்கடபதியும் சேர்ந்து இருவரையும் வெளியே இழுத்துப் போட்டார்கள். எது மாமா, எது மாப்பிள்ளை என்று தெரியவில்லை. இரண்டிலும் உயரம் குறைந்தது முதலில் பேசியது.

“நடிப்பு! அத்தனையும் நடிப்பு! நூறுல போறவருக்கு முப்பதுல ஓட்டத் தெரியாதாமா? எம்பட பேச்சுக் கேக்கறதுக்கு மனசில்லாம, வேணும்னே என்னைக் கொண்டுவந்து சாணில தள்ளியிருக்காரு!”

“அப்பா, அவரு மேல தப்பில்லீங்க,” என்று பிரவீனா ஓடிவந்தாள்.

“நீ பேசாதே! இப்படி வேகம் புடிச்சவன் கையில உன்னைக் குடுத்தா நாளைக்கு எனக்கு நீ மிஞ்சமாட்டே. கல்யாணம் நின்னுபோச்சு! மயிலா, வண்டில ஏறு!”

மயிலாத்தாள் அசையவில்லை. அருள்குமார் சாணிக்குள்ளிருந்து இரண்டு கண்ணை மட்டும் விழித்தபடி நின்றார். ஓரமாக நின்ற சென்னியம்மாள், ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து மகன் தலையில் மடமடவென்று ஊற்றினாள். காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பாலுசாமி பக்கம் திரும்பினாள்.

“நிறுத்தறதுன்னா நிறுத்திக்குங்கண்ணா, ஆனா எம்பையன் துப்பட்டாவைத் தலையோட சுத்திக்கிட்டுப் பின்னால உக்காந்து ‘ஓ’ன்னு அழுகறதுனாலதான் உங்க பொண்ணு நூறோட நிறுத்துது, தனியா உட்டா நூத்திமுப்பதுல போகுமுங்க!”